மெதுவாகப் போகிற படகு

"லிபார்தோ, இது படகா இல்ல மிதக்கிற கட்டையா? ஐஸ் கரையறதுக்குள்ள போய்ச் சேரணும், கொஞ்சம் முடுக்கப்பா!"

மடியில் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நர்ஸ் நிமியா இந்த மூன்றாவது வாரமும் கத்தினாள்.

"மோட்டார் பழசுக்கா" என்றான் படகோட்டி லிபார்தோ.

போன வாரமும் இதையேதான் சொன்னான். பாவமே என்று புது ஸ்பார்க் பிளக் வாங்கிக் கொடுத்தாள். அதை மாட்டினதிலிருந்து படகு இன்னும் மெதுவாகப் போனது. இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

குவாப்பி ஆற்றங்கரைக் கிராமமான எல் பாலித்தோவில் ஆறு மாசம் தாண்டிய கர்ப்பிணிகள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் கக்குவான் இருமல் ஊசி போட்டாக வேண்டும். தாய் போட்டுக்கொண்டால் பிள்ளை பிறக்கும்போதே காவலோடு பிறக்கும். மேல் ஆற்றில் ஒரு பச்சைக் குழந்தை இருமி இருமி நீலம் பாரித்து ஆஸ்பத்திரியில் கிடந்தது. எல் பாலித்தோவின் யெர்லிக்கோ எட்டு மாசம். இன்றைக்கும் விட்டால் ஊசி வேலை செய்ய நாள் போதாது என்ற பயத்தில் நிமியாவுக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

குறுக்கே நின்றது டோன்யா சத்தூரியா. ஊரில் பாதிப் பேரைத் தன் கையால் பிறக்க வைத்த மருத்துவச்சி. அந்தம்மா தலையாட்டாமல் அந்த ஊரில் ஒருத்தியும் சட்டைக்கையை மடிக்க மாட்டாள்.

முதல் வாரம் நிமியா ஒலிபெருக்கியோடு போய் இறங்கினாள். கோழிகள் ஆற்றில் குதித்தன. கர்ப்பிணிகள் ஐந்து பேரும் டோன்யா வீட்டுக் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

"என்னடி இது, எலெக்‌ஷனா?" என்றாள் டோன்யா. "சரி, வந்தவ உக்காரு. சாப்பிட்டுட்டுப் பேசு."

தட்டில் மீனும் வாழைக்காயும் போட்ட தப்பாவ் குழம்பு. நிமியா முகத்தைத் திருப்பித் தட்டைத் தள்ளி வைத்தாள். "வழியிலேயே சாப்பிட்டேன், டோன்யா."

அந்தக் கரையில் தப்பாவை வேண்டாம் என்பதும் வீட்டுக்காரியைக் கன்னத்தில் அறைவதும் ஒன்று. ஐந்து கர்ப்பிணிகளும் ஒரே மூச்சாக "ஆ!" என்றார்கள். பதறிப்போன நிமியா மரியாதையைக் காப்பாற்ற, பக்கத்துக் கூடையிலிருந்த சோந்தாதூரோ என்ற பனை வகைப் பழத்தை எடுத்து உப்பில் தொட்டுத் தின்றாள். ஒன்றுக்குப் பத்தாகத் தின்றாள். கூடை காலியான பிறகுதான் தெரிந்தது, அது அந்த ஐந்து பேருக்கென்று அவித்து வைத்தது.

"பேஷ்! புள்ளைங்களைக் காப்பாத்த வந்தவ, புள்ளைத்தாச்சிங்க பழத்தைத் தின்னு தீர்த்துட்டா" என்று யெர்லி மூக்கைச் சிந்தினாள்.

காலிக் கூடையை மறுபடியும் துழாவிய நிமியாவின் மணிக்கட்டை டோன்யா எட்டிப் பிடித்தாள். பிடித்த கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை.

"உனக்கு எத்தனை புள்ளை?"

"கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஒண்ணும் இல்ல. பேச்சை மாத்துங்க."

"ம். உன் வயித்துல ஒண்ணு இருந்தா இந்த ஊசியை நீ போட்டுக்குவியா?"

"சுகாதாரத் துறை ஆய்வுப்படி பார்த்தா..."

"நான் துறையைக் கேக்கல, உன்னைக் கேட்டேன். போய்ட்டு அடுத்த வாரம் வா" என்று சொல்லி, டோன்யா படகுத்துறை வரைக்கும் தானே வந்து லிபார்தோவிடம் ஏதோ கிசுகிசுத்துவிட்டுப் போனாள். தன்னைப் பற்றிக் கோள் சொல்கிறாள் என்று நிமியா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டாம் வாரம் டோன்யாவோடு டோமினோ பந்தயம். நிமியா ஜெயித்தால் ஐந்து பேருக்கும் ஊசி. அவளிடம் பெரிய காயான இரட்டை ஆறு இருந்தது, ஆட்டமும் கையில் இருந்தது. ஆனால் அதைக் கையில் பிடித்தபடியே தூங்கிப் போனாள்! கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. யாரோ போர்வை போர்த்தியிருந்தார்கள். பெட்டியில் ஐஸ் தண்ணீராக இருந்தது.

இன்றைக்குத் தன் தடுப்பூசி அட்டையையே கொண்டுவந்திருந்தாள். டோன்யாவின் முன்னால் அதை விரித்தாள்.

"பாருங்க. மஞ்சள் காய்ச்சல் ஊசி, ரணஜன்னி ஊசி, எல்லாம் நானும் போட்டவதான்."

"அதெல்லாம் யாரு கேட்டா? நான் கேட்டது இந்த ஊசியை."

அவ்வளவுதான், நிமியாவுக்குப் பொங்கிவிட்டது. அழுகை எங்கிருந்துதான் வந்ததோ!

"எனக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இருந்தா, ஆறு மாசம் முடிஞ்ச மறுநாளே முதல் ஆளா வந்து நிப்பேன்! உங்க எல்லார் முன்னாடியும் இந்தக் கையை நீட்டுவேன்! என் புள்ளை இருமறதைக் கேட்டுக்கிட்டு என்னால உக்காந்திருக்க முடியாது. போதுமா?"

"சத்தியமா?" என்றாள் டோன்யா.

"சத்தியமா!"

"இதைத்தாண்டி மூணு வாரமா கேட்டேன்." டோன்யா உள்ளே திரும்பிக் கை தட்டினாள். "வாங்கடி, வரிசையா வாங்க! யெர்லி, நீ முதல்ல. கத்தினே, கொன்னுடுவேன்."

யெர்லி கத்தினாள். அவள் கத்தியது ஊசி உறையைப் பிரிக்கும்போதே. மற்ற நாலு பேரும் சிரித்தபடியே போட்டுக்கொண்டார்கள். ஐந்து பெயரையும் நிமியா பதிவேட்டில் கொட்டை எழுத்தில் எழுதினாள். தப்பாவ் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு வாய் சாப்பிட்டும் விட்டாள்.

அவள் படகில் ஏறி உட்கார்ந்ததும் டோன்யா கரையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஆறாவது பேரையும் எழுதிக்கோ. அவளுக்கு மூணு மாசம் கழிச்சுப் போடணும்."

"ஆறாவது யாரு? ஊர்ல இருக்கிறதே அஞ்சு பேர்தானே?"

கரையில் ஐந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நிமியாவுக்குக் கோபம் கோபமாக வந்தது.

"லிபார்தோ, நீயாவது சொல்லு. என்னடா நடக்குது இங்க?"

லிபார்தோ மோட்டார் கயிற்றை இழுக்காமல் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, மோட்டார் புத்தம் புதுசு. 'அவ ஒருத்தி இல்ல, ரெண்டு உயிரா வர்றா, குலுக்காம ஓட்டு'ன்னு டோன்யா முதல் வாரமே சொல்லிட்டாங்க."