காணாமற்போன துணைக்கருவி

கரையான் தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் விட்டுவிட்டது. மேய்ப்பரையும் தொடவில்லை. அவர் தோளில் கிடக்க வேண்டிய அந்த ஒரு ஆட்டை மட்டும் பார்த்துப் பார்த்துத் தின்றிருந்தது.

விரித்துப் பிடித்த படத்தின் ஓட்டை வழியாகக் கணக்கு டீச்சரைப் பார்த்தார் தலைமை ஆசிரியை சிஸ்டர்.

"காணாமப்போன ஆடு நிஜமாவே காணாமப் போயிருச்சே டீச்சர்."

"வேற படம் இல்லையா சிஸ்டர்?"

"பீரோல இருந்தது இது ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு ஃபாதர் வர்றார். படம், பொம்மைன்னு ஒரு துணைக்கருவி இல்லாம மறைக்கல்வி நடத்தினா அவருக்குப் பிடிக்காது. போன வருஷம் ஒரு டீச்சரப் பத்தி 'வாயால் மட்டும் நடத்தினார்'னு எழுதிட்டுப் போயிட்டார்."

கணக்கு டீச்சர் ஓட்டையை விரலால் அளந்து பார்த்தார். மூன்று வருடமாக அவர் தற்காலிகம். பைபிள் பாடமான மறைக்கல்வியை எடுத்துவந்த வேறொரு சிஸ்டர் மாற்றலாகிப் போனதும், ஆறாம் வகுப்புக்கு நான் எடுக்கிறேன் என்று தானாகக் கையைத் தூக்கியவர். ஆய்வு நன்றாக அமைந்தால் வேலையை நிரந்தரமாக்கப் பரிந்துரைப்பதாகத் தலைமை ஆசிரியை சிஸ்டர் வாக்குக் கொடுத்திருந்தார். அமையாவிட்டால் என்ன என்று சிஸ்டரும் சொல்லவில்லை, டீச்சரும் கேட்கவில்லை.

வாயால் மட்டும் நடத்திப் பார்த்ததன் பலனை அன்று, திங்கட்கிழமை காலையிலேயே அனுபவித்தாயிற்று. நூறு ஆட்டில் ஒன்று காணாமல் போயிற்று, மேய்ப்பர் தேடிப் போனார் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் வகுப்புத் தலைவி எழுந்துவிட்டாள்.

"டீச்சர், அவர் தேடப் போயிட்டா மத்த தொண்ணூத்தொம்பதையும் யார் பாத்துக்குவாங்க? அதுங்களும் ஓடிட்டா?"

உண்மையைச் சொன்னால் டீச்சருக்கும் அதே சந்தேகம்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கிய பிள்ளையை அவர் தட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கிறாரே தவிர, அந்த ஒரு மார்க்கைத் தேடிக்கொண்டு காட்டுக்குப் போனதில்லை. படத்தைப் பார்த்தால் புரியும் என்று சமாளித்துவிட்டு வந்திருந்தார். இப்போது அந்தப் படமும் போயிற்று.

ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை. விடை வராத கணக்கை வீட்டுக்குக் கொண்டுபோய், வரும்வரை போடுகிற ரகம்.

அன்று மாலையே கணினி முன் உட்கார்ந்தார். மறைக்கல்விக்கென்று படம், பயிற்சித்தாள், பாட்டு, பொம்மை நாடகம் என ஏகப்பட்டது கொட்டிக் கிடந்தது. அதில் அருமையான ஓர் ஆட்டைப் பிடித்தார். மறுநாள் பள்ளி அலுவலகத்துப் பிரிண்டரில் கொடுத்தபோது ஆட்டின் முன்பாதி வந்தது. அத்துடன் மை தீர்ந்தது.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? மீதிய நான் வரைஞ்சு தர்றேன்" என்றார் வீட்டுக்காரர். அவர் பள்ளியில் படிக்கும்போது ஓவியத்தில் ஆறுதல் பரிசு வாங்கியவர். அதை இன்றுவரை மறக்கவும் இல்லை, மறக்க விடவும் இல்லை.

வரைந்து முடித்தார். முன்னால் ஆடு, பின்னால் முதலை.

"வால் ஏங்க இவ்ளோ நீளம்?"

"தாள்ல இடம் இருந்துச்சு."

புதன்கிழமை அதை வகுப்பில் காட்டினார். நாற்பத்திரண்டு பேரும் சிரித்து ஓய்ந்தபின் வகுப்புத் தலைவி மரியாதையாகச் சொன்னாள்: "டீச்சர், இத அவர் தேடாமலே விட்டிருக்கலாம்."

அந்தச் சிரிப்பில் டீச்சருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனிப் படமே வேண்டாம், நிஜ ஆடுதான் என்று முடிவுகட்டினார். நேரே பள்ளித் தோட்டக்காரரிடம் போனார்.

"அண்ணே, உங்க வீட்ல ஆடு இருக்குதானே? வெள்ளிக்கிழமை ஒண்ணு வேணும்."

"என்ன டீச்சர், ஃபாதருக்கு விருந்தா?"

"ஐயோ, சும்மா நின்னாப் போதும். மறைக்கல்விக்கு."

தோட்டக்காரர் காலம் முழுக்கச் செடிகளோடு பழகியவர். அதிகம் கேள்வி கேட்க மாட்டார். அங்கேதான் வந்தது வினை.

வெள்ளிக்கிழமை காலை ஆறாம் வகுப்பு வாசலில் அவர் ஓர் ஆட்டோடு நின்றார். குட்டிப் பருவம் இப்போதுதான் தாண்டியிருக்கும். கொம்பும் தாடியுமாக, கன்னங்கரேலென்று இருந்தது.

"அண்ணே, இது வெள்ளாடு!"

"ஆமா."

"நான் கேட்டது செம்மறி!"

"நீங்க ஆடுன்னுதானே கேட்டீங்க. இது ஆடு இல்லாம வேறென்ன?"

மறுத்துப் பேச டீச்சருக்கு வழியில்லை. ஆனால் போன மாதப் பாடமே இறுதித் தீர்ப்பு. செம்மறியெல்லாம் வலப்பக்கம், வெள்ளாடெல்லாம் இடப்பக்கம். இடப்பக்கம் போனவர்களுக்கு நரகத்தில் என்ன கதி என்று நாற்பத்திரண்டு பேரும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஃபாதர் முன்னால் யாராவது ஒப்பித்துவிட்டால் தீர்ந்தது.

தோட்டக்காரர் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். டீச்சர் முதலுதவிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த பஞ்சு மொத்தத்தையும் எடுத்து, வகுப்புத் தலைவி பசை தடவத் தடவ, ஆட்டின் முதுகில் ஒட்டினார். இடப்பக்கம் முடிந்தது. வலப்பக்கம் ஒட்டத் திரும்பியபோது ஆடு மீதிப் பஞ்சைத் தின்றுவிட்டு, மேசைமேல் இருந்த பாடக்குறிப்பு நோட்டின் இரண்டாம் பக்கத்துக்கு வந்திருந்தது.

"டீச்சர், நோட்டு!"

டீச்சர் நோட்டைப் பிடித்து இழுத்தார். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. ஆடு மிரண்டு ஒரே தாவில் சன்னலைத் தாண்டிப் போயே போய்விட்டது.

ஃபாதர் வரப் பத்து நிமிடம் இருந்தது. டீச்சர் ஒரு விநாடிதான் யோசித்தார்.

"எல்லாரும் எடத்துலயே இருங்க. எப்படியும் வந்துடுவேன்."

கூடைப்பந்துத் திடலில் இல்லை. துணி காயப்போடும் இடத்தில் இல்லை. சமையல் அறையை எட்டிப் பார்த்தார், அங்கும் இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது. போச்சுடா என்று தெருவில் இறங்கி ஓடினார். ஒரு செருப்பு அறுந்தது. இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஆட்டை விட்டால் ஆய்வு போயிற்று, ஆய்வு போனால் வேலை போயிற்று என்று ஒவ்வோர் அடிக்கும் சொல்லிக்கொண்டே ஓடினார்.

தெருக்கோடியில் தச்சுப்பட்டறை. அதன் பின்னால் மரச்சீவல் குவியலுக்குப் பக்கத்தில், அதே கொம்பும் அதே தாடியுமாக, கன்னங்கரேலென்று நின்றது. கம்பத்தில் கட்டியிருந்தது. யாரோ புண்ணியவான் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறார்! டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. முதுகில் பஞ்சைக் காணோம். நோட்டைத் தின்றதற்குப் பஞ்சு எம்மாத்திரம்.

"வாடா கண்ணு, வந்துடு."

ஆடு அவரை முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தது. இழுத்தால் நான்கு காலையும் ஊன்றியது. தள்ளினாலும் அதே கதைதான். டீச்சர் செருப்பைக் கீழே போட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகி, ஆட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

வகுப்பறைக்கு வெளியே வந்தபோதே உள்ளே ஃபாதரின் குரல் கேட்டது. கால் அப்படியே நின்றுவிட்டது.

"டீச்சர் எங்கம்மா?"

"ஒண்ணு காணாமப் போச்சு ஃபாதர். தேடப் போயிருக்காங்க." வகுப்புத் தலைவியின் குரல்.

"உங்க நாப்பத்திரெண்டு பேரையும் விட்டுட்டா? யார் உங்களப் பாத்துக்கறது?"

பெஞ்சு ஒன்று கிறீச்சிட்டது. பிறகு அவள் சொன்னாள்: "நாங்க சும்மாதான் இருக்கோம் ஃபாதர். ஒண்ணுக்காக இப்படி ஓடறவங்க எங்கள விட்டுருவாங்களா?"

திங்கட்கிழமையிலிருந்து தொண்டையில் மாட்டிக்கொண்டிருந்த கணக்குக்கு விடை அதுதான். டீச்சருக்குக் கண் கலங்கியது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையிலும் ஆட்டுக்கால்.

அப்படியே உள்ளே போனார். வெறுங்கால், கலைந்த தலை, தோளில் ஆடு. ஃபாதரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்த தலைமை ஆசிரியை சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். ஃபாதர் எழுந்தே நின்றுவிட்டார்.

"டீச்சர், பஞ்சு எங்க?" என்று வகுப்புத் தலைவி கிசுகிசுத்தாள்.

"தின்னுடுச்சு. பேசாம உக்காரு."

ஃபாதர் ஆட்டைச் சுற்றி வந்தார். "இது வெள்ளாடாச்சே டீச்சர்?"

"செம்மறி சொன்ன பேச்சக் கேக்கும் ஃபாதர். காணாமப் போறது இந்த மாதிரிதான்."

ஃபாதர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபது வருஷமா ஆய்வுக்குப் போறேன். எத்தனையோ படம், எத்தனையோ பொம்மை. பாடத்தையே தோள்ல தூக்கிட்டு வந்த ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன். சிஸ்டர், இவங்கள விட்டுறாதீங்க."

"நிரந்தரம்தான் ஃபாதர்" என்றார் சிஸ்டர், இரண்டாவது முறை சிலுவை போட்டுக்கொண்டே.

டீச்சருக்கு முதுகு வலி பறந்து போயிற்று. ஆட்டை இறக்கக்கூடத் தோன்றவில்லை.

"அடுத்த மாசமும் நான் வருவேன்" என்றார் ஃபாதர். "அடுத்த பாடம் என்னம்மா?"

வகுப்புத் தலைவி புத்தகத்தைப் புரட்டினாள். "ஏழாம் கட்டளை ஃபாதர். 'களவு செய்யாதிருப்பாயாக.'"

"நல்லது. அதையும் இதே மாதிரி கண்ணு முன்னாடி காட்டணும். அதுக்கு என்ன துணைக்கருவி டீச்சர்?"

"எங்க இருந்தாலும் தேடிப் பிடிச்சுக் கொண்டு வந்துடறேன் ஃபாதர்" என்றார் டீச்சர், தோளில் கிடந்த ஆட்டைச் சரியாக இழுத்துப் போட்டுக்கொண்டு.

அப்போது வாசலில் தோட்டக்காரர் வந்து நின்றார். கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில், இடப்பக்கம் முழுக்கப் பஞ்சு ஒட்டிய ஒரு கறுப்பு ஆடு.

"டீச்சர், நம்ம ஆடு அவரக்காப் பந்தலுக்குள்ளதான் இவ்ளோ நேரமும் படுத்திருந்துச்சு. கேட்டுல தச்சர் வந்து நிக்கிறாரு, கட்டிப்போட்டிருந்த அவர் ஆட்ட ஒரு பொம்பள தூக்கிட்டுப் போயிட்டாளாம்."