கட்டிக்குக் கரைத்த ஆரத்தி

என் நெற்றியில் இருக்கும் கட்டி என்னைவிட யோக்கியமானது. அது யாரிடமும் பொய் சொன்னதில்லை.

அப்போது கல்கத்தா பவானிபூரில் மாமா வீட்டில் தங்கி, ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். புருவத்துக்கு மேலே சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. வலி கிடையாது, தொட்டால் தோலுக்கடியில் நழுவும். இரண்டு வருஷமாகச் சாதுவாக இருந்தது. கார்டன் ரீச் ரயில் ஆபீஸ் அதிகாரி ஒருவர் தம் பெண்ணுக்காக என்னைப் பார்க்க வருகிறார் என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. (கல்கத்தாவில் நம் பக்கத்துப் பெண்களை அப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம்.) நகத்தால் கிள்ளினேன். மறுநாள் அது நெல்லிக்காயாகி விண்விண்ணென்று தெறித்தது.

மாமி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டாள். இரண்டும் சேர்ந்தால் என்ன நிறம் என்று ஆரத்தி பார்த்த குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கே அந்த ரயில் அதிகாரி, சொன்னதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். அவசரமாகத் துடைத்தேன், சிவப்பு நெற்றி முழுக்கப் பரவியதுதான் மிச்சம்.

"நெத்தியில என்ன?"

கட்டி என்று சொல்ல வெட்கம். "காளிகாட் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். குங்குமம்."

"அங்கே ஆடு வெட்டுவாளே. பிரசாதம்னு குடுத்தா வாங்கிப்பேளா?"

பக்திமான் என்று நினைக்கட்டுமே என்று, "மரியாதைக்குக் கொஞ்சம் எடுத்துப்பேன்" என்றேன்.

அவர் கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்துவிட்டார். அவர் வந்ததே தெரியாத மாமி, கிண்ணத்தோடு உள்ளிருந்து வந்தாள்.

"கட்டி உடைஞ்சுதாடா? ரெண்டாம் பத்து குழைச்சுட்டேன்."

பூமி பிளந்திருந்தால் நன்றியோடு உள்ளே போயிருப்பேன். அவர் எழுந்து வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"கிள்ளறதுக்கு முன்னாடி வலிச்சுதா?"

"இல்லை."

"வெறும் கொழுப்புக் கட்டி. விட்டிருந்தா அதுபாட்டுக்கு இருந்திருக்கும். சுண்ணாம்பு வேண்டாம், வெந்நீர் ஒத்தடம் குடுங்கோ. சீழ் வச்சா டாக்டரைப் பாருங்கோ." பிறகு மெதுவாகக் கேட்டார்: "கட்டியை மறைக்கறதுக்கு ஒருத்தன் ஆட்டைத் தின்னேன்னு சொல்லுவனோ?"

அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. ஆனாலும் பெண்ணைக் கொடுத்தார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

வீக்கம் வடிந்து, பழைய சுண்டைக்காய் அப்படியே இருக்கிறது. வீட்டில் யாருக்கு ஆரத்தி கரைத்தாலும், தட்டை வாசலில் கொட்டுமுன் என் மனைவி திரும்பிப் பார்த்துக் கேட்பாள்: "ஆடு சாப்பிட்டவருக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கட்டுமா?"