ஈமக்கோடி உடுத்துப் போருக்குப் போன பான்சொக்

வாழ்க பான்சொக்! கொரிய நாட்டுப் பூசான் துறைமுகத்து மேட்டுத்தெருவின் மேருவே, முப்பத்தாறு ஆண்டு டாக்சித் தேர் செலுத்தியும் எவரிடமும் வழி கேட்டறியாத, அதனாலேயே பலமுறை வழி தவறிய சாரதிகுல திலகமே, மூட்டுவலிக்கன்றி வேறெவர்க்கும் முழந்தாள் மடக்காத மானவேந்தே, வாழ்க! வரிசைச்சீட்டு உமிழும் எந்திரத் தெய்வமே, உன்னையும் வணங்குகிறேன். கிழியாத சீட்டும், சாத்தாத சன்னலும், தேநீருக்கு எழுந்து போகாத அலுவலரும் இக்கதைக்கு அருள்வாயாக.

வீரன் களம் புகுந்தது மண்ணுக்காக அல்ல, பொன்னுக்காகவும் அல்ல. வட்டார அலுவலகத்து மூன்றாம் சன்னலில், ஒரு சணல்நார் உடுப்பு சொத்தா இல்லையா என்ற மாபெரும் ஐயத்தைத் தீர்க்கவே புகுந்தான்.

முந்தின நாள் அவன் மனைவி ஒக்பூன் கண்மூடியிருந்தாள். மருத்துவமனையின் துக்கமண்டபத்தில், வெள்ளைச் செவ்வந்திகளுக்கு நடுவே படமாக இருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சேமிப்பையெல்லாம் அவள் நோய் ஏற்கெனவே சூறையாடிவிட்டது. போருக்கு மறுநாள் காலை தகனம். அரசு தரும் ஈமச்செலவு உதவி கிடைத்தால்தான் அவளைக் கௌரவமாக அனுப்ப முடியும். அது கிடைக்க வேண்டுமானால் சொத்து ஓர் அளவைத் தாண்டக்கூடாது. இன்றியமையாத பொருள்களுக்கு மட்டுமே விலக்கு.

காலையில் நடந்த முதற்போரில் வெற்றித்திருமகள் வீரன் பக்கமே நின்றாள். கணினியெனும் கேடயத்தின் பின்னிருந்து அலுவலர் நாரே என்னும் இளமங்கை ஒவ்வொரு பொருளாகக் கேட்க, சோற்றுப்பானை விலக்குப் பெற்றது, மெத்தை விலக்குப் பெற்றது, வீட்டின் பாதியை அடைத்துக்கொண்டு யானைபோல் உறுமும் கிம்ச்சி ஊறுகாய்க் குளிர்பெட்டியும் விலக்குப் பெற்றுப் பெருமூச்சு விட்டது.

"அவ்ளோதானே பெரியவரே? வேற விலை பெறுற சாமான் எதுவும் இல்லையே?" என்றாள் நாரே. இல்லை என்ற ஒரு சொல் போதும். முத்திரை கையில் தயாராக இருந்தது. ஆனால் ஏழை என்று ஒப்புக்கொண்ட வீரனால் ஒன்றுமில்லாதவன் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

"யாரைப் பார்த்து இல்லைங்கிற? எங்கிட்ட கடைசி உடுப்பு இருக்கும்மா! அசல் ஆன்டோங் சணல்! எம் பொண்டாட்டி அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு அதிகமாசத்துல உக்காந்து தச்சது. மந்திரிக்குக்கூட அப்படி ஒண்ணு இருக்காது!"

நுணலும் தன் வாயால் கெடும். அதிகமாதத்தில் தெய்வங்கள் கண்ணயர்ந்திருக்கும்போது ஈமக்கோடி தைத்து வைத்தால் ஆயுள் நீளும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. ஆயுள் நீளாவிட்டாலும் பெருமை நீளும். நாரே மனமில்லாமல் ஒரு கடைக்குத் தொலைபேசினாள். அசல் ஆன்டோங் என்றால் முப்பது லட்சம் வான் பணம் தருவோம், கறை மட்டும் இருக்கக்கூடாது, கறை பட்டால் காசு பெறாது என்றார்கள். சொத்து அளவைத் தாண்டிவிட்டது.

"உங்க வீட்டம்மா போட்டுக்கப் போறது ஈமச்சடங்குப் பொருள், அதுக்கு விலக்கு உண்டு. உங்களுது சொத்துக் கணக்குல வருது பெரியவரே."

"ரெண்டும் ஒரே துணி, ஒரே கை தச்சது. அது எப்படி?"

"நீங்கதான் உயிரோட இருக்கீங்களே."

"அது என் குத்தமா?"

அதை விற்றுவிட்டு வந்தால் உதவியே தேவைப்படாது என்று அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். வீரன் எழுந்தான். மூன்றாண்டுக்கு முன் ஒக்பூன் அந்த உடுப்பின் கடைசித் தையலை வாயால் கடித்து அறுத்துவிட்டு, "நான் முன்னாடி போயிட்டா உனக்கு யாரு ஒழுங்கா சட்டை எடுத்து வைப்பா? அதான் இப்பவே எடுத்து வைக்கிறேன்" என்று சொன்னது அவன் காதில் நின்றது. அதை விற்பதற்குப் பதில் அவன் தன் இரு மூட்டுகளையும் விற்றிருப்பான். வாங்கத்தான் ஆளில்லை.

வீடு சேர்ந்து, அலுவலகத்தில் தந்திருந்த விலக்குப் பட்டியலைப் படைநூல் பயிலும் தளபதிபோல் விரல்வைத்துப் படித்த வீரனின் கண், 'அன்றாடம் உடுத்தும் உடை' என்ற வரியில் வந்து நின்றது. பெட்டி திறந்தது. அந்துருண்டை மணம் எட்டுத்திசையும் கமழ்ந்தது. பின்னர் அவன் காற்சட்டையெனும் கழலணிந்து, மேலங்கியெனும் கவசம் பூண்டு, அரைக்கச்சை வரிந்து, பஞ்சுக்காலுறை மாட்டி, பொன்னிறச் சணல் புறமெங்கும் மொரமொரக்க நிலைக்கண்ணாடி முன் நின்றான். இறந்தபின் மட்டுமே எவரும் அணியும் கோலத்தை உயிரோடு பார்த்த முதல் மனிதன் தானே என எண்ணிச் சற்றே நெஞ்சு நிமிர்த்தினான். அடையாள அட்டையை வைக்கப் பை தேடினான். ஈமக்கோடிக்குப் பை கிடையாது. காலுறைக்குள் செருகிக்கொண்டான்.

படையெடுப்பு தொடங்கியது. துறைமுகத்துக் காற்று எதிர்த்து வந்தது; வீரன் அதைக் கிழித்தான். ஆனால் அந்தோ, காற்று அவனைக் கிழித்தது! ஆவி சிக்கிக்கொள்ளும் என்று அஞ்சி ஈமக்கோடியில் முடிச்சே போடாமல் தைப்பார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் வலத்தோளின் நூல் உருவத் தொடங்கியது. அலுவலகக் கதவை அவன் திறந்தபோது, அதுவரை முண்டியடித்துக்கொண்டிருந்த வரிசை கலம் கிழித்த கடல்போல் இருபுறமும் ஒதுங்கியது. பிணக்கோலத்தில் வருபவனுக்குப் பின்னால் நிற்கக்கூட யாரும் துணியவில்லை. முன்னால் நிற்பது எப்படி? வரிசைச்சீட்டு எடுக்காமலே சன்னலை அடைந்த பெருமை, அந்த அலுவலக வரலாற்றில் அவன் ஒருவனுக்கே உரியது.

வரிசையில் நின்ற கருவாட்டுக்காரி மல்சுன் மட்டும் நகரவில்லை. "ஏன்யா, எந்த ஆசுபத்திரிலேர்ந்து எந்திரிச்சு வர்றே?" என்றாள். தோளில் கழன்று தொங்கும் சட்டைக்கையைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து ஊக்கு ஒன்றை எடுத்தாள். "நில்லு. செத்தவனா இருந்தாலும் கை ரெண்டும் இருக்கணும்ல." குத்திவிட்டாள். இவ்வாறு வீரனின் கவசம் செப்பமுற்றது.

"அலுவலரே, கேளும்!" என்று முழங்கினான் வீரன். "இது சொத்து இல்ல. நான் உடுத்தியிருக்கிற உடுப்பு!"

நாரே வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. "பெரியவரே, அன்றாடம் உடுத்துற உடைக்குத்தான் விலக்கு. இதை அன்றாடமா போடுவீங்க?"

மொத்த வரிசையும் சன்னல்பக்கம் எட்டிப் பார்த்தது.

"ஒருநாள் போடுவேன் தாயி. அன்னையிலேர்ந்து தினமும் இதான். கழட்டவே மாட்டேன்."

மல்சுன் முதலில் சிரித்தாள். பிறகு மொத்த வரிசையும் சிரித்தது. வீரனும் சிரித்தான், பின்பு திடீரென்று அழுதான். "அவ தச்சதும்மா. இதை எடுத்துப்புட்டா அவகிட்ட எந்த மூஞ்சியோட போவேன்?" நாரே மேலதிகாரியின் அறைக்குப் போனாள். உள்ளே என்ன சமர் நடந்ததென்று எவரும் அறியார். திரும்பி வந்தவளின் காதுகள் சிவந்திருந்தன, முத்திரை கையில் இருந்தது. அடையாள அட்டை கேட்டாள். வீரன் காலைத் தூக்கிச் சன்னல்மேடைமீது வைத்தான். விலக்கு கிடைத்தது.

இங்ஙனம் ஆணைகளின் அரணை உடுப்பொன்றாலே தகர்த்து, ஒக்பூனின் இறுதிப் பயணத்துக்கு வழி திறந்து, ஊக்கு மின்ன, சணல் பொலிய, மாலையில் துக்கமண்டபம் மீண்ட வீரன், அவள் படத்தின் முன் இருமுறை வீழ்ந்து வணங்கி, "வித்துடல, பத்திரமா இருக்கு" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, வணங்க வந்த மல்சுனும் நாரேயும் இருபுறம் அமர, மூவுலகும் போற்றும் அக்கவசத்தோடே பந்தியில் உட்கார்ந்து, துக்கவீட்டுக்கே உரிய, செக்கச்செவேலென்று கொதிக்கும் மாட்டிறைச்சிச் சூப்புக் கிண்ணத்தை வெற்றிக்கிண்ணமென ஏந்தினான்.

முதல் கரண்டியிலேயே சூப்பு சட்டையில் கொட்டிக் கறையாகிவிட்டது.