பழனியாண்டியின் பகல் வீடு

உலகத்தில் வீடு வாங்கியவர்கள் கோடிப் பேர் இருக்கலாம். ஆனால் மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கி, அதில் ஓர் இரவுகூடத் தூங்காமல், ஒரு பிடி சோறும் தின்னாமல், முழுமையாகப் 'பாதுகாக்கப்பட்டவன்' மலாயா முழுவதிலும் பழனியாண்டி ஒருவன்தான். அந்தப் பாதுகாப்பை அவனுக்கு வழங்கிய தோட்டப் பாதுகாப்புக் குழுவின் செயலாளன் என்ற முறையில், மிகுந்த அடக்கத்தோடு இதைப் பதிவு செய்கிறேன்.

பாடாங் செராய்க்கு அப்பால், மலையை ஒட்டிய ரப்பர் தோட்டம் எங்களுடையது. நான் அதன் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடி நான்தான் என்று ஊரே சொல்லும். ஊர் மறந்த நாட்களில் நானே சொல்லிவிடுவேன்.

பள்ளத்தாக்கில் இருந்த அந்தப் பலகை வீடு முன்பு என்னுடையது. வாசலில் ஓடை, பின்னால் நாலு டுரியான் மரம், காலையில் ஆளை மறைக்கும் பனி. இருபது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, கூலிகள் குடியிருக்கும் லயத்தில் ஒற்றை அறையில் ஐந்து பிள்ளைகளோடு குடும்பம் நடத்திய பழனியாண்டி அதைப் பார்த்ததும் வாயைப் பிளந்தான். அவன் மனைவி குணவதி கழுத்திலும் கையிலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். ஒரு திங்கட்கிழமை கையெழுத்தானது.

வியாழக்கிழமை, அவசரகாலச் சட்டப்படி, தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. வீடு வேலிக்கு வெளியே அரை மைல் தள்ளி நின்றுவிட்டது. வேலி எந்த வழியாகப் போகும் என்று கிராணிக்குத் திங்கட்கிழமையே தெரியாதா என்று சில அற்பர்கள் கேட்டார்கள். தெரியும். வரைபடத்துக்கு மை போட்டதே நான்தான். அரசாங்க ரகசியத்தை உயிரைப் போல் காப்பது என் வழக்கம்.

வேலியோடு விதிகளும் வந்தன. மாலை ஆறு மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை யாரும் வேலிக்கு வெளியே இருக்கக் கூடாது. ஒரு பருக்கை உணவும் வேலியின் கேட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளின் வயிற்றுக்குப் போய்விடும். ஆகவே பழனியாண்டி பகலில் போய்த் தன் வீட்டைப் பார்த்துவிட்டுப் பசியோடு திரும்பி வரலாம். பட்டணத்துப் பணக்காரர்கள் மலைக்காற்று வாங்கிக்கொண்டு பட்டினி கிடக்க வைத்தியருக்குக் கூலி கொடுக்கிறார்களே, அது இவனுக்கு இலவசமாகக் கிடைத்தது.

மூன்றாவது விதிதான் கொஞ்சம் உறுத்தியது. வேலிக்கு வெளியே இருக்கும் வீட்டில் முப்பது நாளுக்குள் அடுப்புப் புகையாவிட்டால் அது ஆளில்லாத வீடு, பகைவர் தங்குவார்கள், இடிக்க வேண்டும். குணவதியோ பால் காய்ச்சாத வீட்டில் காலெடுத்து வைக்கமாட்டேன், அதுவரை வேறெதற்கும் அடுப்பு மூட்டமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள்.

குழு கூடியது. துரை, போலீஸ் சார்ஜன் ஜைனல், நான். பால் உணவா என்று இரண்டு மணி நேரம் விவாதித்தோம். தேநீரில் ஊற்றும் பொருள் எப்படி உணவாகும் என்றார் துரை. சார்ஜன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்து, "சுசு தா போலே" என்றார். மலாய் மொழியில் பால் கூடாது என்று பொருள். பதினான்காம் தீர்மானம் நிறைவேறியது: பால் உணவே, கொதித்தால் இன்னும் கூடுதலாக உணவு.

வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்ற பழனியாண்டி தயங்கித் தயங்கிப் பேசினான்.

"பால் வேணாங்கய்யா. மாட்டை மட்டும் ஓட்டிட்டுப் போறேன். புது வீட்டுக்குள்ள மொதல்ல மாடுதானே நுழையணும், அது நம்ம வழக்கம். மத்ததை மாடு பாத்துக்கும்."

குழு ஆடிப்போய்விட்டது. மாடுகள் தினமும் மேய வெளியே போகின்றன. அதைத் தடுக்க விதி இல்லை. ஆனால் இந்த மாட்டுக்குள் இருப்பது தடை செய்யப்பட்ட பொருள். சோதனை போட்டே தீரவேண்டும் என்றார் சார்ஜன். பெண்களைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்பதும் விதி. எனவே கேட்டில் பெண்களைச் சோதிக்கும் ரஹீமா வரவழைக்கப்பட்டாள். அவள் மாட்டைச் சுற்றி வந்து, குணவதியின் முகத்தை ஒருமுறை பார்த்து, "ஒண்ணும் இல்ல, போகலாம்" என்றாள். நான் படிவம் நிரப்பினேன். பெயர்: செவலை. தொழில்: மேய்தல். அரசியல் தொடர்பு: விசாரித்தவரை இல்லை.

கோவில் பண்டாரம் நல்ல நேரம் விடியற்காலை நாலரை என்றிருந்தார். ஊரடங்கை எடுத்துச் சொன்னேன். கிரகங்களும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஆறரைக்கு நகர்ந்தன.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கேட் திறந்தது. மாடு முன்னே, குணவதி பின்னே, வெறும் பானையோடு பழனியாண்டி கடைசியில். மாடு வலது காலை வைத்தே வீட்டுக்குள் நுழைந்ததாம். கறந்தார்கள், காய்ச்சினார்கள், பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு குணவதி வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்று பழனியாண்டி பிற்பாடு சொன்னான்.

பள்ளத்தாக்கில் புகை எழும், பயப்பட வேண்டாம் என்று ராணுவக் காவல் கோபுரத்துக்கு நான் கடிதம் எழுதியிருந்தேன். மூன்று நகல் எடுக்க வேண்டும். மூன்றாவதற்குக் கார்பன் தாள் கிடைக்கவில்லை. மூன்று நகல் இல்லாத கடிதத்தை அனுப்பும் ஒழுங்கீனம் என்னிடம் கிடையாது.

பதினாறு சிப்பாய்கள் ஓடை வழியே தவழ்ந்து வந்து வீட்டை வளைத்தார்கள். அன்றைய அறிக்கை என் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது: "பகைவரின் சமையற்கூடம் ஒன்று பிடிபட்டது. கைப்பற்றியவை: பானை ஒன்று, மாடு ஒன்று. மாடு எதிர்ப்புக் காட்டியது. நம் தரப்பில் ஒருவருக்குத் தொடையில் காயம்."

குழு மறுபடி கூடியது. பதினைந்தாம் தீர்மானம்: சமைக்க வசதியுள்ள வீடு ஆபத்தானது, இடிக்க வேண்டும்.

பழனியாண்டி இந்த முறை துண்டை இடுக்கவில்லை. தோளிலேயே கிடந்தது. "புகை வராட்டி இடிப்போம்னீங்க. வந்துச்சு, அதுக்கும் இடிக்கிறீங்க. எந்த மாதிரிப் புகை விடணும்னு சொல்லுங்கய்யா, அப்படியே விடறேன்."

அவன் என்ன சொல்கிறான் என்று துரை கேட்டார். நன்றி சொல்கிறான் என்று மொழிபெயர்த்தேன். மறைப்பானேன், எனக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு கனத்தது. அதற்குள் தேநீர் வந்துவிட்டது.

வீடு சட்டப்படி பிரிக்கப்பட்டது. அத்தனையும் செங்கால் மரப் பலகை. கரையான் கிட்டே வராது. அவை பகைவர் கையில் சிக்கினால் என்னாவது? வேலிக்குள் கொண்டுவந்து, என் குவாட்டர்ஸின் பின்புறம், ஒன்றோடொன்று சேர்த்து ஆணியடித்து, மேலே கூரையும் போட்டு, மிகப் பத்திரமாக வைத்தேன். அப்படி வைத்தபோது அது தற்செயலாக ஒரு சமையலறை போல் அமைந்துவிட்டது.

புதுச் சமையலறைக்குப் பால் காய்ச்ச ஒரு சுமங்கலி வேண்டும். குணவதிக்குக் கைராசி என்று ஊரில் பேச்சு; பெருந்தன்மையோடு அவளையே அழைத்தேன். துரையும் வந்திருந்தார். அவள் உள்ளே வந்து ஒரு பலகையைத் தடவிப் பார்த்தாள். பிறகு அடுப்பை மூட்டினாள். பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"காட்டுக்காரன் வந்து எல்லாத்தையும் பிடுங்கிக்குவான்னு பயம் காட்டினீங்கய்யா. பாவம், அவனுக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கலியே நீங்க."

அவள் என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார்.

நன்றி சொல்கிறாள் என்றேன்.