மணிக்கூட்டு அண்ணை கோட்டைத் தாண்டிய கதை

காலி வீதியைக் கடப்பதற்குக்கூட மணிக்கூட்டிடம் அனுமதி கேட்கிற ஒரே மனிதர், வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து பிளாட்டில்தான் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் மணிக்கூட்டு அண்ணை.

கப்பல் கம்பனியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து மூன்று வருஷம். ஒரே மகள் டொரொன்டோவில். பிறந்தநாளுக்கு அவள் அனுப்பிய ஜீ.பீ.எஸ். மணிக்கூடுதான் மனிதரைக் கெடுத்தது. ஓடிய தூரம், வேகம், நெஞ்சுத் துடிப்பு எல்லாம் அது சொல்லும். வீட்டில் கதைக்க வேறு ஆள் இல்லாததால் அது சொன்னதையெல்லாம் அவர் கேட்டார்.

வழியில் கண்டு "எப்படி அண்ணை?" என்றால், "பொறும் தம்பி, இதை நிப்பாட்டிப்போட்டுக் கதைக்கிறன்" என்று பொத்தானை அமத்துவார். அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் நமக்கு விடுதலை கிடையாது. மணிக்கூடு நிற்பதால் அவருடைய வேகத்துக்கு மட்டும் ஒரு பாதிப்பும் வராது.

ஒருநாள் மரைன் டிரைவில் ஓடிவிட்டு வந்தவர், கார் நிறுத்துமிடத்துத் தூண்களைச் சுற்றிச் சுற்றி ஓடினார். காவலாளி பயந்துபோய், என்ன தொலைந்துவிட்டது அய்யே என்று சிங்களத்தில் கேட்டார்.

"நூற்றெண்பது மீற்றர்" என்றார் அண்ணை. ஐந்து கிலோமீற்றர் நிரம்ப அவ்வளவு குறைந்ததாம்.

பிறகு டுவத்லோன் என்று ஒன்றில் பெயர் கொடுத்தார். முதலில் ஓட்டம், நடுவில் சைக்கிள், மறுபடியும் ஓட்டம். ஓடுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதை வீட்டிலிருந்தே போனில் ஒரு நீலப் புள்ளியாகப் பார்க்கலாம். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது அவருடைய மணிக்கூட்டில் விழும். லிங்கை இரண்டே பேருக்கு அனுப்பினார்: மகளுக்கும், விழுந்தால் தூக்கிவர எனக்கும்.

"பிள்ளைக்கு ரெண்டு கிழமையா கோல் எடுக்க நேரமில்லை. ஆனா இதைக் கட்டாயம் பார்ப்பா. நீர் எழும்பத் தேவையில்லை."

"ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு முதல் என்னை ஆர் எழுப்புறது அண்ணை?" என்றேன்.

ஆனால் அன்று ஆறு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. போனைத் திறந்தேன். புள்ளி ஓடியது, சைக்கிளில் போனது, கடைசி ஓட்டத்தில் ஊர்ந்தது. முடிவுக்கோடு கிட்டும் நேரம் பார்த்து மனைவி, "புள்ளியைப் பாத்தது காணும், காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றாள். மூடிவிட்டுப் போனேன். திரும்பி வந்து திறந்தால், புள்ளி கோட்டுக்கு முன்னால் அசையாமல் நிற்கிறது. மனிதர் விழுந்துவிட்டார் என்றே நினைத்தேன். கோல் எடுக்கப் போன நேரம், புள்ளி நகர்ந்து கோட்டைத் தாண்டியது.

மத்தியானம் பதக்கத்தோடு வந்தார். இரண்டாவது ஓட்டத்தையும் ஹெல்மெட்டோடேயே ஓடினாராம்.

"கடைசியாத்தான் வந்தனான் தம்பி. ஆனா வேணுமெண்டுதான். பாக்கிற ஆள் ஒண்டு எண்டு முழுக்கக் காட்டினது, கோட்டடியில பூச்சியமாப் போச்சு. பிள்ளைக்கு அங்க இன்ரநெட் விட்டிருக்கும். அவ பாக்காமல் முடிச்சு என்ன பிரயோசனம்? பதினாலு நிமிசம் நிண்டனான். எல்லாரும் தாண்டச் சொல்லிக் கத்தினவை. பிறகு வந்திட்டா."

நான் பாண் வாங்கப் போய்வந்த நேரமும் அதுதான்.

"நீர் பாத்தனீரோ?"

"இல்லை அண்ணை, நல்ல நித்திரை."

அடுத்த போட்டியன்று மனைவியின் போனிலும் திறந்து வைத்தேன். ஓடி முடித்த கையோடு மைதானத்திலிருந்தே அழைத்தார்.

"தம்பி, இண்டைக்கு ரெண்டு பேர். மருமகனும் பாக்கிறார் போல."

நாங்கள் இப்போது கொட்டாஞ்சேனைக்கு வீடு மாறிவிட்டோம். அந்த இரண்டு பேர் யார் என்று சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அண்ணை ஓடட்டும், பார்க்க நாங்கள் இருக்கிறோம்.