தவறே செய்யாத விண்ணப்பதாரி

மருந்து கொடுப்பவர் தவறு செய்யாமல் இருப்பது நல்லது என்று பொதுமக்களிடையே ஒரு நம்பிக்கை நெடுங்காலமாக நிலவி வருகிறது. அதைத் திருத்துவது என் கடமை. அது நோயாளிக்கு வேண்டுமானால் நல்லதாக இருக்கலாம், விண்ணப்பதாரருக்கு நல்லதல்ல. இந்த உண்மை எங்கள் அயோவா மாநிலத்தில் நிலைநாட்டப்பட்ட விதத்தை, சம்பந்தப்பட்ட சிலருடைய அனுமதியோடும் பலருடைய அனுமதி இல்லாமலும், இங்கே பதிவு செய்கிறேன்.

அனிக்கா ஹூக்ஸ்ட்ரா எங்கள் மருந்தியல் கல்லூரியில் கடைசி ஆண்டு மாணவி. படித்துக்கொண்டே ஆறு ஆண்டுகளாக நெடுஞ்சாலையோர மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்த்தாள். அங்கே வாங்குபவர்கள் காரை விட்டு இறங்குவதில்லை. சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. காரை ஓரமாக நிறுத்தி, சீட்டை நீட்டி, மருந்தை வாங்கிக்கொண்டு போவார்கள். பக்கத்துக் கட்டடத்திலும் அதே மாதிரி ஒரு ஜன்னல், ஆனால் பர்கர் விற்பது. மாதத்துக்கு ஒருவராவது அனிக்காவிடம் உருளைக்கிழங்கு வறுவல் கேட்டுவிட்டு, இல்லை என்றதும் கோபித்துக்கொள்வார்.

அவளுக்கு அந்த ஜன்னலை விட்டு வெளியே வர வேண்டும். குழந்தைகள் வார்டில், டாக்டர்களோடு படுக்கை படுக்கையாகப் போய் மருந்தளவைச் சரிபார்க்கும் வேலை வேண்டும். அதற்குப் பட்டம் மட்டும் போதாது. பட்டத்துக்குப் பிறகு ஒரு மருத்துவமனையில் ஓராண்டு ரெசிடென்சிப் பயிற்சி முடித்தாக வேண்டும். இடங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். கிடைத்தால் வார்டு. கிடைக்காவிட்டால் ஜன்னல்.

டிசம்பர் முதல் வாரத்தில் மருத்துவமனைகள் எல்லாம் ஒரு பெரிய மண்டபத்தில் மேஜை போட்டு மாணவர்களைச் சந்தித்தன. மாணவர்கள் அத்தனை பேரும் கறுப்புக் கோட்டு அணிந்திருந்தார்கள். தனித்துத் தெரிவதற்காக அப்படி அணிய வேண்டும் என்று கல்லூரி சொல்லியிருந்தது. அனிக்கா ஒவ்வொரு மேஜையிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: "உங்க குழந்தைகள் வார்டுல எத்தனை படுக்கை?"

ஒரு மேஜையில், தங்களிடம் ஊஞ்சலோடு கூடிய மன அமைதி அறை இருப்பதாகச் சொன்னார்கள். இன்னொன்றில், மாதம் ஒருமுறை நாய்க்குட்டிகளைக் கொஞ்சவிடுவதாகச் சொல்லி ஒரு பேனா கொடுத்தார்கள். செயிண்ட் ஒடிலியா மருத்துவமனையின் மேஜையில் மட்டும், தூக்கமில்லாத கண்களோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், "நாப்பத்திரண்டு" என்றாள். அனிக்கா அந்த மருத்துவமனையை முதலாவதாகத் தேர்ந்தெடுத்தாள்.

விண்ணப்பத்தில் பன்னிரண்டு கேள்விகள். ஏழாவது இது: "மருந்து வழங்குவதில் தாங்கள் இழைத்த தவறு ஒன்றை விவரித்து, அதன் மூலம் தாங்கள் அடைந்த வளர்ச்சியை ஐந்நூறு சொற்களில் எடுத்துரைக்கவும்." அனிக்கா அதற்கு ஒரு சொல்லில் பதில் எழுதியிருந்தாள்: "இல்லை."

கல்லூரியின் ரெசிடென்சி ஆயத்தப் பிரிவின் இயக்குநர் டாக்டர் பியூலா அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்னம்மா இது, 'இல்லை'ன்னு எழுதி வச்சிருக்க?"

"உண்மையைத்தான் எழுதினேன் மேடம். ஆறு வருஷத்துல ஒரு தப்பும் ஆகல. கடைப் பதிவேட்டைக்கூட எடுத்துப் பாத்துட்டேன்."

"யாருக்கிட்டயும் சொல்லிடாதே. படிக்கிறவங்க ரெண்டுல ஒண்ணு நினைப்பாங்க. ஒண்ணு, நீ பொய் சொல்றன்னு. அதைக்கூடச் சமாளிச்சிடலாம். இன்னொண்ணு, நீ உண்மையைச் சொல்றன்னு. அதுக்கு மருந்தே கிடையாது."

"தப்பு பண்ணாதது ஒரு குத்தமா மேடம்?"

"விழாதவ எப்படிம்மா எழுந்திருப்பா? எழுந்திருக்கிறதுக்குத்தானே மார்க் போடுறாங்க!"

அனிக்காவின் வகுப்பில் டோபின் என்றொருவன் இருந்தான். அவனிடம் மூன்று தவறுகள் கைவசம் இருந்தன. மூன்றையும் அகர வரிசையில் அடுக்கி வைத்திருந்தான். அவற்றில் தலைசிறந்தது இது: ட்யூக் என்ற பெயரில் ஒரு விவசாயியும் இன்னொருவர் வீட்டு நாயும் ஒரே நாளில் மருந்து வாங்க வேண்டியிருந்தது. டோபின் இரண்டு பையையும் மாற்றிக் கொடுத்துவிட்டான். விவசாயிக்கு நாற்பது வருடத்து அரிப்பு நின்றது. நாய் இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கியது. யாருக்கும் சேதமில்லை, டோபினுக்கு மட்டும் அபார வளர்ச்சி.

"ரொம்பக் கவலைப்படாத அனிக்கா. என்னோட ரெண்டாவது தப்பை நீ எடுத்துக்கோ. எனக்கு ரெண்டே போதும்."

"அது உன்னோடதுடா."

"பேரை மாத்திக்கோ. ஒரு கிழவரு, ஒரு கண் சொட்டு மருந்து. எல்லா ஊருலயும் இருக்கிறதுதானே?"

அனிக்கா விதிகளை மதிப்பவள். கல்லூரியின் நேர்மைக் குழுவிடமே எழுதிக் கேட்டாள். ஒன்பது நாள் ஆலோசனைக்குப் பிறகு பதில் வந்தது. பிறர் செய்த தவறைத் தன் தவறாகக் காட்டுவது கருத்துத் திருட்டு, ஏற்க இயலாது. விண்ணப்பதாரர் சொந்தமாகவே தவறு செய்ய வேண்டும். அத்தவறு (அ) உண்மையானதாக, (ஆ) எவருக்கும் தீங்கற்றதாக, (இ) தற்செயலானதாக இருத்தல் அவசியம். வேண்டுமென்றே செய்யப்படுவது தவறாகாது, குற்றமாகும். கடைசி நாள் ஜனவரி இரண்டு.

ஆகவே அனிக்கா இருபது நாளுக்குள் தற்செயலாக ஒரு தவறு செய்ய வேண்டியிருந்தது. கல்லூரி அவளைக் கைவிடவில்லை. அடுத்து வந்த மூன்று சனிக்கிழமைகளில் அவளுடைய கவனம் சிதறுவதற்கு வேண்டிய ஏற்பாடுகளை டாக்டர் பியூலாவே முன்னின்று செய்தார். இரண்டு மாணவர்கள் மாறி மாறித் தொலைபேசியில் அழைத்தார்கள். ஒருவர் காலாவதியான தள்ளுபடிச் சீட்டுகளோடு வந்து மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று கத்தினார். ஜன்னலுக்கு வெளியே கல்லூரியின் வாத்தியக் குழு அணிவகுத்துப் போயிற்று.

அனிக்கா தவறு செய்யவில்லை. மாறாக, பக்கத்தில் நின்று வேலை பார்த்த மற்றவர்கள்தான் வாத்தியச் சத்தத்தில் தவறினார்கள். அவள் ஒவ்வொன்றையும் கவுன்டரைத் தாண்டுவதற்குள் கண்டுபிடித்து, கையைப் பிடித்து நிறுத்தினாள்.

இந்தச் செய்தி வகுப்பில் பரவியது. அனிக்காவின் பக்கத்தில் நின்று தவறு செய்தால் அது உண்மையானதாகவும் இருக்கும், யாருக்கும் தீங்கும் வராது என்று எல்லாருக்கும் புரிந்துபோயிற்று. மூன்றாவது சனிக்கிழமை அவளோடு வேலை பார்க்க வரிசை நின்றது.

"அனிக்கா, நான் இதை எடுத்துக் கொடுக்கப் போறேன். பாத்துக்கிறியா?"

"அது இருமல் மருந்து. சீட்டுல இருக்கிறது வயித்துக்கு."

"அப்படியா! தெய்வமே, ரொம்ப நன்றி. தேதி போட்டு ஒரு கையெழுத்து போட்டுடு."

இப்படிப் பதினொரு பேர் தூய்மையான, சேதமற்ற தவறுகளோடு வீடு திரும்பினார்கள். அவர்களுடைய கட்டுரைகளை வாசித்த டாக்டர் பியூலா இரண்டு இடங்களில் கண் கலங்கியதாகச் சொன்னார். அனிக்காவின் ஏழாவது கேள்விக்குப் பதில் "இல்லை" என்றே போயிற்று. பரிந்துரைக் கடிதத்தில் 'முன்னேற வேண்டிய துறை' என்ற கட்டத்தைக் காலியாக விட விதியில்லை. ஆகவே டாக்டர் பியூலா மனசாட்சிப்படி நிரப்பினார்: "தவறிழைக்கும் ஆற்றல் இன்னும் முழுமை பெறவில்லை."

இந்த ஒரு வரியை அச்சுப்பிழை என்று நினைத்தோ என்னவோ, பிப்ரவரியில் செயிண்ட் ஒடிலியா அவளை நேர்காணலுக்கு அழைத்தது. அங்கே மூன்று பேர்: ரெசிடென்சியை நடத்தும் டாக்டர் பெக், மன நல ஒருங்கிணைப்பாளர், அப்புறம் அந்த 'நாப்பத்திரண்டு' பெண்.

"நீங்க செஞ்ச ஒரு தப்பைப் பத்திச் சொல்லுங்களேன்" என்றார் டாக்டர் பெக்.

"செஞ்சதில்லை சார்."

மன நல ஒருங்கிணைப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார். "அதை எங்ககிட்டச் சொல்றது உங்களுக்குக் கஷ்டமா இருக்கா?"

"இல்லை மேடம். லேசாத்தான் இருக்கு."

டாக்டர் பெக் பெருமூச்சு விட்டு, ஒரு தாளை நீட்டினார். பயிற்சிக் கணக்கு. பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தை, ஜெண்டாமைசின் முந்நூறு மில்லிகிராம், நரம்பு வழியே, எட்டு மணிக்கொரு தடவை; என்ன வேகத்தில் ஏற்ற வேண்டும்?

அனிக்கா தாளைப் பார்த்தாள். "எந்த வேகத்துலயும் ஏத்தக் கூடாது சார். முப்பது இருக்க வேண்டிய இடத்துல முந்நூறு இருக்கு."

"ஆறு வருஷமா இதே கேள்வியைத்தான் கேக்குறோம். இதுவரைக்கும் எல்லாரும் வேகத்தைச் சரியாச் சொல்லியிருக்காங்க."

"பத்து மடங்கு சார். காதும் போகும், கிட்னியும் போகும்."

'நாப்பத்திரண்டு' பெண் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படியே அனிக்காவையும் பார்த்தாள்.

"சரி, அது எங்க தப்பு" என்றார் டாக்டர் பெக் கடைசியில். "நாங்க கேட்டது உங்க தப்பை."

"இதைக் கண்டுபிடிச்சப்போ உங்களுக்குள்ள என்ன மாதிரி உணர்வு வந்துச்சு?" என்று மன நல ஒருங்கிணைப்பாளர் கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்ளத் தயாரானார்.

"குழந்தைக்குக் குடுத்துட்டாங்களோன்னு பயம் வந்துச்சு மேடம்."

'பதற்றம்' என்று அவர் குறித்துக்கொண்டார்.

எங்கள் நாட்டில் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதில்லை, ரெசிடென்சிக்குப் பார்ப்பார்கள். மாணவர்கள் மருத்துவமனைகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும், மருத்துவமனைகள் மாணவர்களை வரிசைப்படுத்திக் கொடுக்கும், ஒரு கணினி இரண்டையும் வைத்துப் பொருத்தம் பார்க்கும். பட்டியலை ஏற்றிவிட்டுக் கடைசியில் 'உறுதி செய்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். பட்டியலை மறுபடி திறந்தால் முன்பு செய்த உறுதி ரத்தாகிவிடும். மறுபடி அழுத்த வேண்டும்.

மார்ச் முதல் வாரத்தில் கடைசி நாள், பகல் பன்னிரண்டு மணி வரை அவகாசம். அனிக்கா அன்று காலையில் செயிண்ட் ஒடிலியாவை முதலில் போட்டு உறுதி செய்தாள். பிறகு, மருத்துவமனையின் ஆறு இலக்க எண்ணைச் சரியாகத்தான் அடித்தோமா என்று திறந்து பார்த்தாள். சரியாக இருந்தது. உறுதி செய்தாள். இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று திறந்தாள். இப்படிப் பதினெட்டு தடவை சரிபார்த்தாள். பதினெட்டு தடவையும் எண் சரியாகவே இருந்தது. பத்தொன்பதாவது தடவை திறந்து ஐந்தாவது இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மணி பன்னிரண்டு ஆனது.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது: பட்டியல் பெறப்படவில்லை, பொருத்தம் இல்லை. அன்று மாலையே டாக்டர் பெக் கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசினார். அவர்களிடமிருந்த இரண்டு இடத்தில் ஒன்று டோபினுக்குப் போயிற்று. மற்றதற்கு அனிக்காவை மட்டுமே போட்டிருந்தார்கள்; 'நாப்பத்திரண்டு' பெண் பிடிவாதம் பிடித்தாளாம். இப்போது அந்த இடம் காலி.

அனிக்கா அழுத முகத்தோடு டாக்டர் பியூலாவின் அறைக்குப் போனாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கட்டிக்கொண்டார்.

"அனிக்கா! பண்ணிட்டியேம்மா!"

"மேடம், என் வாழ்க்கையே போச்சு மேடம்."

"அசடு! யோசிச்சுப் பாரு. உண்மையாவே நடந்துச்சா? நடந்துச்சு. எந்த நோயாளிக்காவது தீங்கா? இல்லை. தெரிஞ்சு பண்ணினியா? இல்லை. மூணு நிபந்தனையும் பொருந்துது. ஏப்ரல்ல ரெண்டாவது சுற்று இருக்கு, அந்தக் காலி இடம் இன்னும் காலிதான். உக்காரு. ஏழாவது கேள்வியை எழுது."

அனிக்கா எழுதினாள். சரியாக ஐந்நூறு சொற்கள். கல்லூரியின் வரலாற்றிலேயே மிகச் சிறந்த தவறு என்று டாக்டர் பியூலா அதைப் பாராட்டி, பரிந்துரைக் கடிதத்தில் பழைய வரியை அடித்துவிட்டு, "வியத்தகு முன்னேற்றம்" என்று எழுதினார்.

செயிண்ட் ஒடிலியாவின் தேர்வுக் குழு கூடி ஆராய்ந்தது. ஒன்றுக்கு எதிராக இரண்டு வாக்கு. ஏப்ரல் கடைசியில் பதில் வந்தது:

"தங்கள் கட்டுரை நேர்மையாகவும் உள்ளத்தைத் தொடும் விதத்திலும் அமைந்துள்ளது. ஆயினும், நோயாளிகளின் பாதுகாப்பே எமது முதற்கடமை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இத்தகைய தவறை இழைத்த ஒருவரின் பொறுப்பில் நாற்பத்திரண்டு குழந்தைகளை ஒப்படைக்க இயலாமைக்கு வருந்துகிறோம். தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்."

அந்த இடம், மூன்றாவது சனிக்கிழமை அனிக்காவிடம் கையெழுத்து வாங்கிப் போன பதினொருவரில் ஒருவருக்குக் கிடைத்தது.

மே மாதம் அனிக்கா மருந்தியல் டாக்டர் பட்டம் வாங்கினாள். ஜூன் மாதம் அதே ஜன்னலில், இந்தத் தடவை வெள்ளைக் கோட்டோடு, உட்கார்ந்தாள். ரெசிடென்சிகள் ஜூலை ஒன்றாம் தேதி தொடங்கின.

ஜூலையின் இரண்டாவது சனிக்கிழமை ஒரு கார் வந்து நின்றது. பின் இருக்கையில் ஒரு சிறுமி காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கி, செயிண்ட் ஒடிலியா மருத்துவமனையின் மருந்துப் பையை நீட்டினார். டாக்டர் பெக்.

"இது எங்க ஆஸ்பத்திரியிலேயே குடுத்ததுதான். அளவு சரிதானான்னு ஒரு தடவை பாத்துச் சொல்லிடுறீங்களா டாக்டர் ஹூக்ஸ்ட்ரா?"

அனிக்கா பார்த்தாள். எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்து, சரியான அளவை எழுதிக் கொடுத்தாள். அவர் நன்றி சொல்லிவிட்டு, பின்னால் நிற்பவர் ஒலி எழுப்பியதால் காரை நகர்த்தினார்.

அன்று வரிசை நெடுஞ்சாலை வரை நீண்டுவிட்டதால், ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்து கார்களை எண்ணிக்கொண்டு போனார். மொத்தம் இருபத்து மூன்று. அவற்றில் பதினான்கில் செயிண்ட் ஒடிலியா ஊழியர் வாகன ஒட்டுச்சீட்டு இருந்தது. ஒன்றில் எங்கள் கல்லூரியுடையது. ஓட்டி வந்தவர் டாக்டர் பியூலா. வரிசையில் பதினேழாவது கார் என்னுடையது.

அடுத்த வாரம் மாவட்டச் சாலைத் துறை அந்த இடத்தில் கடைக்குள் இடப்பக்கம் திரும்புவதற்கென்று தனியாக ஒரு தடம் வரைந்தது.