அம்மா தனியாகத்தான் வந்தாள்

என் அம்மாவை யாரென்றே தெரியாது என்று நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அப்போது அம்மா நாலடி தள்ளி நின்றிருந்தாள். அவள் கையில் இன்னொருத்தியின் கை இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எம்.ஏ. படித்தபோது கல்வராயன் மலை மக்களின் புழங்குபொருட்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. (வீட்டில் தினமும் காலில் இடறுகிற சாமான்கள்தான். கட்டுரையில் ஏறிவிட்டால் புழங்குபொருள்.) அதற்குப் பழங்குடியினர் அருங்காட்சியகத்தின் நூலகம் வேண்டும். நூலகத்துக்கு அங்கிருந்த அதிகாரியம்மாவின் கையெழுத்து வேண்டும். அது இல்லையென்றால் கட்டுரையும் இல்லை, பட்டமும் இல்லை.

"நானும் வரேன்டி. நம்ம வூட்டு சாமானெல்லாம் கண்ணாடிக்குள்ள வெச்சிக்கிறாங்கன்னியே, பாக்கணும்" என்று அம்மா கிளம்பிவிட்டாள். அதிகாரியம்மாவுக்கு என்று ஒரு பையில் சாமை அரிசி வேறு. வெள்ளிமலையில் முதல் பஸ், கள்ளக்குறிச்சியில் இறங்கி இன்னொரு பஸ். வழிநெடுக நான் பாடம் நடத்தினேன்.

"அங்க எதையும் தொடக் கூடாது. சத்தமா பேசக் கூடாது. நான் மேடம்கிட்ட பேசும்போது நடுவுல வரக் கூடாது."

"மூச்சு வுடலாமா?" என்றாள் அம்மா.

அதிகாரியம்மா கூடத்திலேயே எதிர்ப்பட்டார். "எங்க சனங்களைப் பத்தி எது வேணும்னாலும் என்னைக் கேளுங்க மேடம்" என்று நான் அளந்துகொண்டிருந்தேன். (அவர் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.)

எனக்குப் பின்னால், சுற்றிக் கயிறு கட்டித் தடுத்து, காட்சிக்கு வைத்த ஒரு மலை வீடு இருந்தது. வாசலில் ஆளுயரப் பெண் பொம்மை ஒன்று, சோப்பு விளம்பரச் சிரிப்போடு உரலில் இடித்துக்கொண்டிருந்தது. உரலுக்குள் ஒரு மணி தானியம் இல்லை. வெறும் உரலை இடித்தால் வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் வழக்கம். சின்னப் பிள்ளைகள் விளையாட்டாக இடித்தால்கூட முதுகில் ஒன்று விழும். இந்தப் பொம்மையோ அருங்காட்சியகம் திறந்த நாளிலிருந்து இடிக்கிறது.

அம்மாவால் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? கயிற்றைத் தாண்டிப் போய், உட்கார்ந்து, உரலில் இரண்டு பிடி சாமையைப் போட்டிருக்கிறாள். எழுந்திருக்க ஒரு பிடிமானம் வேண்டுமே என்று பொம்மையின் கையைப் பிடித்திருக்கிறாள்.

'மடக்'கென்ற சத்தத்தில் கூடமே திரும்பியது. தோளோடு வந்துவிட்ட கையும் அம்மாவுமாக நின்றார்கள். பொம்மை அப்போதும் சிரித்தது.

காவலர் ஓடி வந்தார். "ஏம்மா, தொடாதீங்கன்னு போர்டு போட்டுக் கீதே, படிக்கத் தெரியாதா?"

(தெரியாது. அதுதான் உண்மை.)

அதிகாரியம்மா என்னிடம் கேட்டார். "உங்ககூட வந்தவங்களா?"

"இல்லைங்க மேடம். யாருன்னு தெரியலை."

அம்மா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் பரீட்சைக்குக் கிளம்பும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"நானு தனியாத்தாங்க வந்தேன்" என்றாள் காவலரிடம். "வெறும் உரலா கீதேன்னு ரெண்டு புடி போட்டேன். தப்புதாங்க." கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல் அந்தக் கையை அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் காட்டிய வழியில் வெளியே போனாள்.

நான் அதிகாரியம்மாவின் அறைக்குப் போனேன். எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள். அவர் ஒரு படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். பெயர் கேட்டார், சொன்னேன். ஊர் சொன்னேன். அப்பா பெயர் சொன்னேன்.

"அம்மா பெயர்?"

பேனா காத்துக்கொண்டிருந்தது.

"வெளியில அனுப்பினீங்களே மேடம்... அவங்கதான்."

அவர் நிமிரவே இல்லை. "தெரியும். ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. கூட்டிட்டு வாங்க, வெயில்ல நிக்கிறாங்க."

ஓடினேன். கேட் ஓரமாகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இங்கிருந்து எந்த பஸ் ஏற வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

"கையெழுத்து போட்டாங்களா?" இதுதான் முதலில் கேட்டாள்.

"போடுவாங்க. உன்னக் கூப்பிடறாங்க, வாம்மா."

"நீ யாருன்னு தெரியலியேம்மா" என்றாள். நான் நடுவழியில் நின்று அழுததைப் பார்த்த பிறகுதான் சிரித்தாள்.

கையெழுத்து கிடைத்தது. பொம்மைக்கும் கை ஒட்டிவிட்டார்கள். தண்டனை மட்டும் எனக்கு இன்னும் முடியவில்லை. வெள்ளிமலை பஸ்ஸில் கண்டக்டர் "எத்தினி பேரு?" என்றால் போதும், அம்மா முந்திக்கொள்வாள். "எனக்கு ஒண்ணு குடுங்க. பக்கத்துல குந்திக்கினு கீதே, இந்தப் பொண்ணு யாருன்னு தெரியலைங்க."

ஒவ்வொரு தடவையும் பஸ் முழுக்கக் கேட்கும்படி நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

"எங்க அம்மாங்க."